அடுப்படி அறிவியல்: சீடை ஏன் வெடிக்கிறது? எண்ணெய் ஏன் தெறிக்கிறது?

சீடையை எண்ணெயில் போட்டுவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, இன்னொரு கையில் கேடயம் போல ஒரு தட்டு என்று வாணலியை நெருங்கியிருக்கிறீர்களா? ஆம் என்றால் இந்த வாரக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கோகுலாஷ்டமி நெருங்கினால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். 'எது நடந்தாலும் வீட்டில்தான் சீடை செய்வேன்' என்பது ஒன்று. 'கிருஷ்ணருக்குக் கடைச் சீடை போதும்' என்பது இன்னொன்று. என் பெரியம்மா இரண்டாவது கட்சி. முறுக்கு, தட்டை, அதிரசம் என்று எல்லாவற்றையும் அசராமல் செய்வார். சீடை மட்டும் கடையிலிருந்துதான் வரும். காரணம், அவருடைய வலது புருவத்துக்கு மேல் இருக்கும் வெளிறிய தழும்பு. இருபது வருடங்களுக்கு முன்பு ஓர் உப்புச்சீடை வெடித்து, எண்ணெய் முகத்தில் தெறித்ததில் வந்தது. தழும்புக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். ஏன் வெடித்தது என்று கேட்டால், "கண்ணு பட்டுடுச்சு" என்பதுதான் அவருடைய விளக்கம்.

கண் பட்டதோ இல்லையோ, மாவுக்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு டீ கிளாஸ் நீராவி

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். வடையோ பஜ்ஜியோ பொரிக்கும் எண்ணெயின் சூடு பொதுவாக 160 முதல் 190 டிகிரி வரை இருக்கும். தண்ணீர் தாங்கக்கூடிய சூட்டைவிட 60 முதல் 90 டிகிரி வரை அதிகம். இந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்?

எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் சொட்டு மேலே மிதக்காமல் உள்ளே இறங்கும். இறங்கும்போதே சுற்றியுள்ள எண்ணெய் அதைச் சூடாக்கி, சட்டென்று நீராவியாக மாற்றிவிடும். தண்ணீர் நீராவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. அது முழுக்க ஆவியானால் 85 மில்லி. அதாவது, டீக்கடையில் தருவார்களே, அந்தச் சின்ன கிளாஸ் நிறைய நீராவி, கண்ணிமைக்கும் நேரத்தில், எண்ணெய்க்கு அடியிலிருந்து வெளியே வர வழி தேடுகிறது. தனக்கு மேலே இருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டுதானே அது வர வேண்டும்? அப்படித் தள்ளப்பட்ட எண்ணெய்தான் நம் கையிலும் முகத்திலும் வந்து விழுகிறது.

'எண்ணெய் தளதளவென்று கொதிக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் எண்ணெய் கொதிப்பதே இல்லை. கொதிக்கும் நிலைக்குப் போவதற்கு வெகு முன்பே அது புகைந்து, கருகிவிடும். அப்பளத்தைச் சுற்றியும் வடையைச் சுற்றியும் நாம் பார்க்கும் குமிழிகள் அந்தப் பண்டத்திலிருந்து வெளியேறும் நீராவி. 'சத்தம் அடங்கினதும் எடு' என்று வீட்டுப் பெரியவர்கள் முறுக்குக்குச் சொல்லும் பக்குவம் இருக்கிறதே, அதன் பொருள் இதுதான். சத்தம் அடங்கினால் உள்ளே இருந்த தண்ணீர் பெரும்பாலும் வெளியேறிவிட்டது, முறுக்கு மொறுமொறுவென்று ஆகிவிட்டது. தெர்மாமீட்டர் இல்லாமல் காதாலேயே ஈரப்பதத்தை அளந்திருக்கிறார்கள்!

ஆக, தண்ணீர் சீராக வெளியேறினால் அது பொரிதல். மேற்பரப்பு ஈரம் ஒரேயடியாக ஆவியானால் தெறித்தல். வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டால் வெடித்தல். இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்னை முடிந்தது.

கடுகும் கறிவேப்பிலையும்

தினமும் நடக்கும் தெறிப்பு தாளிக்கும்போது நடப்பதுதான். கடுகு வெடிப்பது நமக்குத் தேவையான வெடிப்பு. அந்தத் துளியூண்டு விதைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. அது கண்ணாடி போட்டவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. மற்றவர்கள் முகத்தைக் கரண்டிக்கு நேராகக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

உண்மையான தொல்லை கறிவேப்பிலை. குழாயில் அலசிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே உருவிப் போடுகிறோம். அந்த 'படபட' சத்தம் கறிவேப்பிலையின் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, அது குழாய்த் தண்ணீரின் குணம். காலையில் சமையலைத் தொடங்கும்போதே கறிவேப்பிலையை அலசி, ஒரு துணியில் பரப்பி வைத்துவிட்டால் தாளிக்கும் நேரத்துக்குக் காய்ந்திருக்கும். பச்சை மிளகாயை முழுசாகப் போடாமல் கீறிப் போடுங்கள். முழு மிளகாய் காற்றடைத்த பை மாதிரி. உள்ளே ஆவி சேர்ந்தால் அதற்கு ஒரே வழி, வெடிப்பது.

இனி சீடைக்கு வருவோம்

சீடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் நம் பலகாரங்களில் வெடிப்பதற்கென்றே வடிவமைத்தது போல இருப்பது அதுதான்.

முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இழை. முள்முறுக்கு என்றால் மேற்பரப்பு முழுக்க மேடு பள்ளம். இழையின் நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே வர இரண்டு, மூன்று மில்லி மீட்டர் பயணித்தால் போதும். அதனால் முறுக்கு அரிதாகத்தான் வெடிக்கும். தட்டையோ பெயருக்கு ஏற்றபடி தட்டையானது. போதாததற்கு அதில் முள்கரண்டியால் குத்தி ஓட்டையும் போடுகிறோம். சீடை அப்படியா? உருண்டை. எந்தப் பக்கம் போனாலும் நடுவிலிருந்து வெளியே வர ஒரே தூரம். அதுவும் நாம் அழகாக வர வேண்டும் என்று உள்ளங்கையில் வைத்து அழுத்தி, கோலிக்குண்டு மாதிரி வழவழப்பாக உருட்டிவிடுகிறோம்.

இந்த உருண்டை சூடான எண்ணெயில் விழுந்ததும், வெளிப்பக்க மாவு முதலில் வெந்து இறுகி ஓடு போல ஆகிறது. உள்ளே இருக்கும் மாவு இன்னும் பச்சை. சூடு மெதுவாக உள்ளே போகப் போக, அங்கே இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. ஓட்டில் விரிசலோ துளையோ இருந்தால் அதன் வழியே ஆவி குமிழி குமிழியாக வந்துவிடும். இல்லையென்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓடு தாங்கும்வரை தாங்கும். பிறகு 'டப்'. இதனால்தான் சீடை போட்ட உடனே வெடிப்பதில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நாம் தைரியமாகக் கிட்டே போன பிறகு வெடிக்கிறது. பெரியம்மா விஷயத்திலும் அதுதான் நடந்தது. கிளறிவிடலாம் என்று குனிந்த நேரம்.

கைப்பக்குவம் உள்ளவர்கள் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இந்த ஆவிக்கணக்கு இருக்கிறது. 'மாவைச் சலிச்சியா? ரெண்டு தடவை சலிச்சியா?' என்று கேட்பார்கள். மாவில் குருணையோ, அரைபடாத உளுந்துத் துணுக்கோ, உப்புக் கல்லோ இருந்தால் அந்த இடத்தில் மாவு ஒரே சீராக இருக்காது. ஈரம் அங்கே தங்கும். அந்த இடம்தான் முதலில் வெடிக்கும். அரிசி மாவையும் உளுந்து மாவையும் வறுத்துச் சேர்ப்பது வாசனைக்கு மட்டும் அல்ல. மாவில் இருக்கும் ஈரத்தைக் குறைப்பதற்கும்தான். உப்பை அப்படியே தூவாமல், தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தேங்காய் சேர்க்கிறவர்கள் துருவலைக் கொஞ்சம் வதக்கி ஈரம் போக்கிக்கொள்வது நல்லது.

வெண்ணெய் சேர்க்கிறோம் இல்லையா? அது மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. நடுவே நுண்ணிய இடைவெளிகள் கிடைக்கும். ஆவிக்கு அவைதான் சந்து பொந்து. வெண்ணெய் ரொம்பக் குறைந்தால் சீடை கல்லாகும், வெடிக்கவும் வாய்ப்பு கூடும். ரொம்ப அதிகமானால் எண்ணெயில் கரைந்து பிரிந்துபோகும். அளவுதான் கைப்பக்குவம் என்பது.

உருட்டும்போது அழுத்தக் கூடாது. விரல் நுனியால், பட்டும் படாமலும் உருட்டினால் போதும். மேலே மெல்லிய விரிசல்கள் தெரிந்தால் 'ஐயோ, அழகாக வரவில்லையே' என்று திரும்ப உருட்டாதீர்கள். அந்த விரிசல்தான் உங்களைக் காப்பாற்றப்போகிறது. உருட்டியதை உடனே எண்ணெயில் போடாமல், வெள்ளைத் துணியில் பரப்பிக் கால் மணி நேரமாவது உலர விடுங்கள். பயம் போகவில்லை என்றால், ஒவ்வொன்றிலும் ஊசியாலோ பல்குத்தும் குச்சியாலோ ஒரு குத்து குத்திவிடலாம். நூறு சீடைக்கு நூறு குத்தா என்று அலுப்பாக இருக்கும். பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது விளையாட்டு. அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரே சீடை வேலை இது!

எண்ணெயின் சூடும் முக்கியம். புகையும் எண்ணெயில் போட்டால் ஓடு வேகமாக இறுகிவிடும், உள்ளே ஆவி மாட்டிக்கொள்ளும். மிதமான தீ, பொறுமை. முதலில் இரண்டே இரண்டு சீடைகளைப் போட்டுப் பாருங்கள். அவை வெடிக்காமல் வெந்தால் மட்டும் அடுத்த ஈடு. அந்த இரண்டில் ஒன்று வெடித்தாலும், 'அது ஏதோ ஒன்று, மற்றதெல்லாம் சரியாக வரும்' என்று தொடர வேண்டாம். எல்லாம் ஒரே மாவுதானே? அந்த மாவில் இன்னும் கொஞ்சம் வறுத்த அரிசி மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பார்க்கலாம். அல்லது பேசாமல் தட்டையாகத் தட்டிவிடலாம். சுவையில் ஒன்றும் குறைந்துவிடாது. கிருஷ்ணரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாணலியில் ஒன்று வெடிக்கத் தொடங்கிவிட்டால்? எட்டி நின்று அடுப்பை அணையுங்கள். பின்னால் நகருங்கள். மீதியைக் கரண்டியால் அள்ளிக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்க அதிக நேரம் ஆகாது. சில நிமிடங்கள் கழித்து, குமிழிகள் அடங்கிய பிறகு போனால் போதும். கருகினால் கருகட்டும், அரைக்கிலோ மாவுதானே.

மீன், கணவாய், முட்டை

அசைவ வீடுகளில் சீடையின் இடத்தைப் பிடித்திருப்பவை மூன்று: மீன் சினை, கணவாய், அவித்த முட்டை. மூன்றுக்கும் மேலே ஒரு சவ்வோ தோலோ இருக்கிறது, உள்ளே ஈரம் இருக்கிறது. சீடையின் அதே கதை. கோழி ஈரலும் இந்தக் கூட்டணியில் உண்டு. மீன் சினையைப் பொரிப்பதற்கு முன் அங்கங்கே குத்திவிடுங்கள். இன்னும் நல்லது, மசாலாவில் லேசாக வேக வைத்து, துண்டு போட்டு, பிறகு தோசைக்கல்லில் வறுப்பது. அவித்த முட்டையை முழுசாக எண்ணெயில் புரட்டுவதாக இருந்தால் நாலு பக்கமும் கீறிக்கொள்ளுங்கள். மசாலாவும் உள்ளே இறங்கும்.

சாதாரண மீன் துண்டு வெடிக்காது, ஆனால் நன்றாகத் தெறிக்கும். கழுவிய தண்ணீர், உப்பு சேர்த்ததும் மீன் விடும் தண்ணீர், மசாலாவைக் குழைக்கச் சேர்த்த தண்ணீர் என்று மூன்று அடுக்குத் தண்ணீர் அதில் இருக்கிறது. மசாலா தடவுவதற்கு முன் மீனைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் முதல் அடுக்கு போய்விடும். மசாலா தடவி ஊறிய பிறகு அடியில் தேங்கும் நீரை வடித்துவிட்டு, மேலே கொஞ்சம் அரிசி மாவு தூவினால் மீதி ஈரத்தை மாவு இழுத்துக்கொள்ளும். மொறுமொறுப்பும் கூடும்.

ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் நக்கெட்ஸ், ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள் மாவு அல்ல, பனி. பாக்கெட்டை அப்படியே வாணலியில் கவிழ்த்தால் ஒரு கைப்பிடித் தண்ணீரைக் கவிழ்ப்பதற்குச் சமம். எண்ணெய் பொங்கி வழியும், வழிந்த எண்ணெயில் தீப்பிடிக்கும். பனியை உதறிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

பயந்தால் அதிகம் தெறிக்கும்

இது கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் யார் சமைத்தாலும் கவனித்துப் பாருங்கள். எண்ணெயைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஓரடி உயரத்திலிருந்து வடையைப் 'பொத்'தென்று போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். குளத்தில் கல் எறிவது போல எண்ணெய் எழும்பும். பழகிய கை, வாணலியின் விளிம்பை ஒட்டி, எண்ணெய்ப் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய் நழுவ விடும். சத்தமே வராது. தெருவோர பஜ்ஜிக் கடை மாஸ்டரைப் பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தால் இது புரியும். மீனை வைக்கும்போது, நம் பக்கமிருந்து தொடங்கி எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். எண்ணெய் எழும்பினாலும் நம்மை விட்டு விலகிப் போகும்.

உளுந்து வடை தட்டும்போது மாவு ஒட்டாமல் இருக்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறோம். நனைத்த பிறகு ஒரு முறை உதறுங்கள். விரல் நுனியில் தொங்கும் அந்த ஒரு சொட்டு என்ன செய்யும் என்றுதான் மேலேயே பார்த்தோமே. அந்தத் தண்ணீர்க் கிண்ணம் வாணலிக்குப் பக்கத்தில் இல்லாமல், அடுப்பு மேடையில் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

மூடலாமா, உப்புப் போடலாமா?

தெறிக்கிறது என்றதும் தட்டைப் போட்டு மூடுவது நம் இயல்பு. தாளிக்கும்போது சில விநாடிகள் மூடுவதில் பிரச்னை இல்லை. ஆனால் பொரிக்கும்போது மூடினால், ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி, திரும்ப எண்ணெயிலேயே சொட்டும். திறக்கும்போது மூடியில் சேர்ந்ததெல்லாம் மொத்தமாக உள்ளே விழும். அதற்குப் பதில், பாத்திரக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் கம்பி வலை மூடியைப் பயன்படுத்தலாம். ஆவியை விட்டுவிடும், எண்ணெயைத் தடுத்துவிடும். முழுக்க எவர்சில்வரில் ஆன மாவுச் சல்லடை இருந்தால் அதையே கவிழ்க்கலாம். பிளாஸ்டிக் வளையம் போட்ட சல்லடை வேண்டாம், உருகிவிடும்.

எண்ணெயில் கல் உப்பைப் போட்டால் தெறிக்காது என்று ரீல்ஸ் ரீல்ஸாகச் சொல்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தை வேண்டுமானால் அது இழுத்துக்கொள்ளலாம். மீனுக்குள்ளும் சீடைக்குள்ளும் இருக்கும் தண்ணீரை அது என்ன செய்ய முடியும்? வாணலியைத் துணியால் துடைத்துவிட்டு அடுப்பில் வைத்தால் அந்த உப்பும் மிச்சம்.

எண்ணெய் பாதி வாணலிக்கு மேல் போகக் கூடாது. பொருளைப் போட்டதும் மட்டம் ஏறும், அதற்கு மேல் நுரையும் ஏறும். பலமுறை காய்ச்சிய எண்ணெய் அதிகமாக நுரைக்கும், சீக்கிரமே புகையும். அதனால்தான் தீபாவளி எண்ணெயைப் பொங்கல் வரை வைத்திருப்பது உடம்புக்கு மட்டுமல்ல, கைக்கும் ஆபத்து. உணவுப் பாதுகாப்புத் துறையான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்து விதி வைத்திருக்கிறது. வீட்டில் இதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, மேலே நுரை நின்றால் அதுவே போதுமான அறிகுறி.

நைட்டி, வெறுங்கால், குழந்தைகள்

சமையலறையில் நாம் போடும் உடைகளில் பாதி செயற்கை இழை. நைலான், பாலியெஸ்டர் நைட்டியில் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பலகாரம் செய்யும் நாளிலாவது பருத்தி உடை அணிந்து, புடவை முந்தானையையோ துப்பட்டாவையோ இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சமையலறைக்குள் செருப்பு கூடாது என்ற வீடுகளில், தெறிக்கும் எண்ணெய்க்கு முதல் இலக்கு பாதம். சமையலறைக்கென்று தனியாக ஒரு ஜோடி துணிச் செருப்பு வைத்துக்கொண்டால் மாமியாரிடமும் சமரசம் பேசிவிடலாம்.

குழந்தைகள் விஷயத்தில் சமரசமே கூடாது. அடுப்பு மேடையில் குழந்தையை உட்காரவைத்து வேடிக்கை காட்டிக்கொண்டே பொரிப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். இடுப்பில் வைத்துக்கொண்டும் பொரிக்கிறார்கள். குழந்தைகளின் தோல் மெல்லியது. நமக்குச் சின்னக் கொப்புளமாக முடிவது அவர்களுக்கு ஆழமான காயமாகும். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் குழந்தை வரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாணலியின் கைப்பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குழிந்த அடி கொண்ட வாணலி சின்ன பர்னரில் ஆடும். ஆடாத பர்னராகப் பார்த்து வையுங்கள். பொரித்து முடித்ததும் சூடான எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெய் வெகுநேரம் சுடும், ஆனால் ஆவியோ சத்தமோ வராததால் ஆறிவிட்டது போலத் தெரியும். அங்கேயே மூடி வைத்து, நன்றாக ஆறிய பிறகு எடுங்கள்.

எண்ணெயில் தீப்பிடித்தால்

தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு சொட்டுக்கே ஒரு டீ கிளாஸ் ஆவி என்றால் ஒரு சொம்புக்கு எவ்வளவு? எரியும் எண்ணெயை அந்த ஆவி கூரை வரை தூக்கி எறியும். கைக்கு எட்டினால் அடுப்பை அணையுங்கள். வாணலியை முழுதும் மூடும் அளவுள்ள உலோக மூடியையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். காற்று இல்லாமல் தீ அடங்கிவிடும். உடனே திறந்து பார்க்காதீர்கள். சூடு குறையாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். மைதா, அரிசி மாவு எதையும் தூவ வேண்டாம், மாவுத்தூளே எரியக்கூடியது. தீ வாணலியைத் தாண்டிவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

மேலே பட்டுவிட்டால்

கொதிக்கும் தண்ணீர் மேலே பட்டால் வழிந்து ஓடிவிடும். எண்ணெய் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். சூடும் தண்ணீரைவிட 70, 80 டிகிரி அதிகம். அதனால் முதல் வேலை, குழாயைத் திறந்து, காயத்தை ஓடும் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடங்கள் காட்டுவது. இரண்டு நிமிடங்களில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுகிறோம், அது போதாது. தோலுக்கு அடியில் இறங்கிய சூடு இன்னும் தணிந்திருக்காது. ஐஸ் வேண்டாம், அது ஏற்கெனவே காயப்பட்ட தோலை மேலும் கெடுக்கும். வீக்கம் வருவதற்கு முன் வளையல், மோதிரம், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றுங்கள். எண்ணெய் ஊறிய துணியை அகற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். குழந்தை என்றால் காயத்தின் மேல் மட்டும் தண்ணீர் விட்டு, மீதி உடம்பைப் போர்த்தி வையுங்கள்.

பேனா மை, டூத்பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள்தூள், நெய், தேங்காய் எண்ணெய்... ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. அன்போடுதான் பூசுகிறார்கள், ஆனால் எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே தேக்கும், கிருமி சேர வழிவிடும். மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முதலில் இதையெல்லாம் துடைத்து எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலி சுட்ட வலியைவிடக் கொடுமை. 20 நிமிடங்களுக்குப் பிறகு சுத்தமான, பஞ்சு ஒட்டாத துணியால் தளர்வாக மூடினால் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

கண்ணில் தெறித்தால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டு அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். எரிச்சல் நின்றுவிட்டாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும், காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், பட்ட இடம் வெளுத்தோ கருகியோ வலியே இல்லாமல் இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இல்லாதது நல்ல செய்தி அல்ல. காயம் நரம்பு வரை ஆழமாகப் போயிருக்கலாம். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகளுக்குச் சின்னக் காயம் என்றாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெரிய காயம் என்றால் 108. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது, எத்தனை மணிக்குப் பட்டது, எவ்வளவு நேரம் தண்ணீரில் காட்டினீர்கள், கடைசியாக டி.டி ஊசி எப்போது போட்டீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.